சாப்பிடத் திணறும் குழந்தைக்கு ஸ்பீச் தெரபி: எங்கே போவது, என்ன எடுத்துப் போவது, வீட்டில் என்ன செய்வது

பால் குடிக்கும்போதெல்லாம் புரையேறும் கைக்குழந்தை. ஒன்றரை வயதாகியும் மிக்ஸியில் அரைத்ததைத் தவிர எதையும் விழுங்காத குழந்தை. மூன்று வயதில் தயிர் சாதத்தையும் ஒரே வகை பிஸ்கட்டையும் தவிர வேறெதையும் தொடாத குழந்தை. மூன்று பேருக்கும் மருத்துவர் சீட்டில் எழுதுவது ஸ்பீச் தெரபி. “பேச்சு மெதுவா வரட்டும், இவன் சாப்பிட்டாப் போதும்” என்று அந்தச் சீட்டை அலமாரியில் வைத்துவிடும் வீடுகள் நிறைய.

சீட்டு சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பேசவும் விழுங்கவும் வேலை செய்வது அதே உதடு, அதே நாக்கு, அதே தாடை, அதே தொண்டை. ஸ்பீச் தெரபிஸ்ட் படிப்பில் விழுங்குதலும் ஒரு பாடம். தமிழ்நாட்டில் இந்தச் சிகிச்சையைத் தேடும் பெற்றோருக்காக, நாளும் பணமும் வீணாகாமல் போக வேண்டிய வரிசையில் இதை எழுதியிருக்கிறோம்.

1. அவசரமா, காத்திருக்கலாமா என்று முதலில் பிரியுங்கள்

பால் குடிக்கும்போதோ சாப்பிடும்போதோ உதடும் நகமும் நீலம் பூத்தால், மூச்சு விட்டு விட்டு வந்தால், காய்ச்சலோடு மூச்சு வேகமாகி விலாவுக்கு நடுவே சதை உள்ளே இழுத்தால், 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் தெரபிஸ்ட்டைத் தேடும் நேரமில்லை. 108 அல்லது பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரி.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் ஓரிரு வாரத்துக்குள் மதிப்பீடு தேவை:

- ஒரு வேளை ஊட்ட 30 நிமிடத்துக்கு மேல் ஆகிறது, அதுவும் தினமும்.
- குடித்து முடித்ததும் குரலோ மூச்சோ ஈரமாகக் கொரகொரவென்று கேட்கிறது.
- பால் மூக்கு வழியாக வருகிறது.
- குடிக்கும்போது நெற்றி வியர்த்து, நடுவில் களைத்துத் தூங்கிவிடுகிறது.
- நெஞ்சுச் சளியும் நிமோனியாவும் திரும்பத் திரும்ப வருகின்றன.
- எடை ஏறவில்லை. முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். பிறந்த எடை ஐந்து மாத அளவில் இரட்டிப்பாகவும், ஒரு வயதில் மும்மடங்காகவும் ஆவது வழக்கம்.

இருமல் இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். நரம்புப் பாதிப்புள்ள குழந்தைகளில் பால் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலே வராமல் இருக்கலாம். அந்தக் குழந்தைகளில் திரும்பத் திரும்ப வரும் நிமோனியாதான் ஒரே தடயமாக இருக்கும்.

“பல்லு முளைச்சா தானா மெல்லுவான்” என்ற பேச்சை நம்பிக் காத்திருப்பதுதான் பெரிய இழப்பு. குழந்தை ஈறாலேயே மெல்லப் பழகுகிறது. எட்டு, ஒன்பது மாதத்தில் கட்டிகட்டியான உணவு தொடங்கிவிட வேண்டும். பத்து மாதம் தாண்டியும் மைய அரைத்ததையே கொடுத்தால் பின்னால் கட்டி உணவை ஏற்கச் சிரமம் கூடுகிறது. குறைப்பிரசவக் குழந்தைக்கு மட்டும் வயதைத் திருத்திக் கணக்கிடுங்கள். 32 வாரத்தில் பிறந்தது என்றால் எட்டு வாரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

2. ஒரு வாரம் எழுதுங்கள், மூன்று வீடியோ எடுங்கள்

தெரபிஸ்ட் உங்கள் குழந்தையைப் பார்ப்பது முக்கால் மணி நேரம். அதற்குள் குழந்தை அழுதே தீர்த்துவிடலாம். அதனால் ஒரு நோட்டில் ஏழு நாள் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு உள்ளே போனது, எத்தனை நிமிடம், இருமலா வாந்தியா அழுகையா. அளவை “கொஞ்சம்” என்று எழுதினால் பயனில்லை. மருந்துக்கடையில் வாங்கும் 10 மில்லி சிரிஞ்சால் உங்கள் வீட்டுக் கரண்டி எத்தனை மில்லி பிடிக்கும் என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டு, “ஏழு கரண்டி” என்று எழுதுங்கள்.

வீடியோ மூன்று: ஒன்று திரவம், ஒன்று அரைத்தது, ஒன்று கையால் எடுத்துத் தின்பது. கைக்குழந்தை என்றால் தொடக்கம், நடு, முடிவு. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம். டி.வி., மின்விசிறிச் சத்தம் இல்லாமல், பக்கவாட்டில் இருந்து, கன்னமும் கழுத்தும் தெரியும்படி எடுங்கள். சட்டைக் காலரை இறக்கிவிடுங்கள். விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்குவது தெரிய வேண்டும். முகத்துக்கு நேராக எடுத்த அழகான வீடியோவில் அது தெரியாது.

எடையை ஒரே தராசில், துணியில்லாமல், பால் கொடுப்பதற்கு முன் பாருங்கள். அங்கன்வாடியில் இலவசமாகவே பார்ப்பார்கள்.

3. குழந்தை மருத்துவரிடம் முதலில் போங்கள்

நேராகத் தெரபிக்குப் போவது குறுக்குவழி போலத் தோன்றும். ஆனால் சாப்பிட மறுப்பதற்குக் காரணம் நெஞ்செரிச்சலாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், இதயக் கோளாறாக, இரும்புச்சத்துக் குறைவாக, பின்னண்ணத்தில் வெளியே தெரியாத பிளவாக இருக்கலாம். வலிக்கும் குழந்தைக்கு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் அது வாயைத் திறக்காது.

மருத்துவரிடம் மூன்று கேளுங்கள்: எடை வளைகோட்டில் குழந்தை எங்கே நிற்கிறது, மருந்தால் சரியாகும் காரணம் ஏதும் இருக்கிறதா, வாய்வழி ஊட்டுவது இப்போதைக்குப் பாதுகாப்பா. பிறகு பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். அதில் வெறும் “ஸ்பீச் தெரபி” என்று இல்லாமல் “உணவூட்டல் மற்றும் விழுங்கல் மதிப்பீட்டுக்காக” என்று எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் பேச்சுப் பயிற்சி வரிசையில் உட்கார்ந்து, மாதம் கழித்து வேறு அறைக்கு அனுப்பப்படும் குழந்தைகள் உண்டு.

இரண்டு வயதுக் குழந்தை நாளுக்கு ஒரு லிட்டர் பால் குடித்துவிட்டுச் சோறு வேண்டாம் என்றால், முதல் சிகிச்சை பாலை 500 மில்லிக்குள் கொண்டுவருவது. வயிற்றை நிரப்புவதும் ரத்தசோகையைக் கொண்டுவருவதும் அந்தப் பால்தான்.

4. எங்கே போவது

அரசு வழி: மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். ஆஸ்பத்திரியில் “டி.இ.ஐ.சி. எங்கே” என்று கேட்டால் காட்டுவார்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் கீழ் இயங்குவது, கட்டணம் இல்லை. அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு அனுப்பிவைக்கும். அவர்களுக்காகக் காத்திருக்காமல் ஓ.பி. சீட்டு போட்டு நீங்களே குழந்தைகள் பிரிவு வழியாகப் போகலாம்.

சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசு நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. ஸ்பீச், பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைப்பது மூளை முடக்குவாத (செரிப்ரல் பால்சி) குழந்தைக்கு மிகப் பெரிய வசதி. தனியாரில் வேலூர் சி.எம்.சி., போரூர் ராமச்சந்திரா போன்ற பெரிய கல்லூரி மருத்துவமனைகளில் விழுங்குவதை எக்ஸ்ரேயில் பார்க்கும் வசதியும் தெரபியும் சேர்ந்தே இருப்பதால் அலைச்சல் குறையும். மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் உள்ளது. ஈரோடு, சேலம் பக்கம் இருப்பவர்களுக்கு அது சென்னையைவிடக் கிட்டம்.

தொண்டு நிறுவனங்களில் சென்னை வித்யாசாகர், தென்காசி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இரண்டும் நீண்ட காலமாகக் குழந்தைகளோடு வேலை செய்பவை. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் ‘விழுதுகள்’ மறுவாழ்வுச் சேவை மையம் உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்திலும் தெரபி நாள் உண்டு. எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

பிளவுண்ட அண்ணம் என்றால் வரிசை வேறு. முதலில் பிளவு அறுவை சிகிச்சை மையம். ஸ்மைல் டிரெயின் என்ற தொண்டு நிறுவனத்தின் உதவி பெறும் மருத்துவமனைகளில் அறுவை இலவசம். அறுவைக்கு முன் எடை ஏற்றத்தான் உடனடி ஊட்டல் ஆலோசனை தேவை. பிதுக்கி ஊட்டும் புட்டியை எப்படிப் பிடிப்பது என்பதை முதல் வாரத்திலேயே அங்கே கற்றுக்கொள்ளுங்கள்.

5. தெரபிஸ்ட்டிடம் கேட்க வேண்டியவை

ஸ்பீச் தெரபிஸ்ட் எல்லோரும் ஊட்டல் சிகிச்சை செய்வதில்லை. பேச்சு, திக்குவாய், காது இதிலேயே முழு அனுபவம் உள்ளவர்கள் அதிகம். அது குறை இல்லை, ஆனால் உங்களுக்குத் தேவை வேறு.

படிப்பு பி.ஏ.எஸ்.எல்.பி. அல்லது எம்.ஏ.எஸ்.எல்.பி., அதாவது பேச்சு, கேட்டல் துறையில் இளநிலை அல்லது முதுநிலைப் பட்டம் என்று இருக்க வேண்டும். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு எண் இருக்க வேண்டும். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைத் தட்டிச் சரிபார்க்கலாம். எண்ணைக் கேட்டால் நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு தொலைபேசியிலேயே கேளுங்கள்: என் குழந்தை வயதில் விழுங்கல் கோளாறுள்ள குழந்தைகளைப் பார்க்கிறீர்களா? முதல் நாளில் குழந்தை சாப்பிடுவதைப் பார்ப்பீர்களா? நாங்கள் உள்ளே இருக்கலாமா? எக்ஸ்ரே சோதனை தேவைப்பட்டால் எங்கே அனுப்புவீர்கள்?

“நீங்க வெளியே உட்காருங்க” என்பவரிடம் ஊட்டல் சிகிச்சைக்குப் போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வாரம் ஒருமுறை அவர் ஊட்டுகிறார். நாளுக்கு ஐந்துமுறை ஊட்டப்போவது நீங்கள்.

இன்னொரு பொறி: உணவே இல்லாமல் வைப்ரேட்டர், ஊதல், குமிழி விடுதல், கன்னத்தைத் தேய்த்தல் என்று மாதக்கணக்கில் ஓட்டுவது. குமிழி ஊதினால் ஊதத்தான் பழகும். தொண்டையில் மின்னதிர்வு கொடுக்கும் கருவிக்குக் குழந்தைகளிடம் உறுதியான பலன் நிறுவப்படவில்லை. அதற்காக மூன்று மாத பேக்கேஜை முன்பணமாகக் கட்டாதீர்கள்.

6. முதல் நாள் பை

- பரிந்துரைக் கடிதம், பிறப்பின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, இன்குபேட்டரில் இருந்திருந்தால் அந்த அறிக்கை
- தடுப்பூசி அட்டை, பழைய எடைக் குறிப்புகள்
- நெஞ்சு எக்ஸ்ரே, இதய எக்கோ, ஸ்கேன் எதுவானாலும் படத்தோடு
- தற்போதைய மருந்துகளின் பட்டியல். வலிப்பு மருந்துகள் சில எச்சிலையும் தூக்கத்தையும் கூட்டும், அதனால் இது முக்கியம்
- குழந்தையின் ஆதார், பெற்றோர் ஆதார், வருமானச் சான்றிதழ். சான்றிதழ் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் 60 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள்
- எழுதிய நோட்டு, வீடியோக்கள்
- வீட்டுக் கரண்டி, டம்ளர், புட்டி அல்லது பாலாடை. குழந்தைக்குப் பிடித்தது ஒன்று, சிரமப்படுவது ஒன்று, திரவம் ஒன்று

குழந்தை பசியோடு இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் கவனிக்க வேண்டியது இதைத்தான்: காலை 8 மணிக்குச் சீட்டு வாங்கி 11 மணிக்குப் பெயர் கூப்பிடும்போது, வரிசையில் அழுத குழந்தைக்கு யாரோ ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்திருப்பார்கள். உள்ளே போனதும் வாயே திறக்காது, இன்னொரு தேதி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சீட்டு போட்டதும் உத்தேச நேரத்தைக் கேட்டு, அதற்கு இரண்டரை மணி முன்பாகக் கடைசி உணவை முடியுங்கள்.

7. மதிப்பீடும் எக்ஸ்ரே சோதனையும்

முதல் மதிப்பீடு 45 நிமிடம் முதல் ஒன்றரை மணி வரை போகும். வாயை உள்ளே பார்ப்பார், குழந்தை உட்காரும் விதத்தைப் பார்ப்பார், நீங்கள் ஊட்டுவதைப் பார்ப்பார், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்து விழுங்கும் ஒலியைக் கேட்கவும் கூடும்.

உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்ற சந்தேகம் இருந்தால் வீடியோ எக்ஸ்ரே விழுங்கல் சோதனை எழுதுவார்கள். பேரியம் கலந்த உணவைக் குழந்தை விழுங்கும்போது எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்ப்பது. எக்ஸ்ரே ஓடுவது சில நிமிடம்தான். மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது இன்னொரு முறை. அதில் கதிர்வீச்சு இல்லை. எல்லாக் குழந்தைக்கும் இவை தேவையில்லை. ஆனால் நிமோனியா திரும்பத் திரும்ப வரும் குழந்தைக்குச் சோதனையே இல்லாமல் “கெட்டியா குடுங்க” என்று மட்டும் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். சோதனைக்கு வீட்டு உணவையும் கரண்டியையும் எடுத்துப் போங்கள். புதுச் சுவையும் புது நாற்காலியும் சேர்ந்தால் குழந்தை துப்பிவிடும்.

முடிந்ததும் எழுத்தில் நான்கு வரி வாங்காமல் வெளியே வராதீர்கள்: எந்தப் பதம் பாதுகாப்பு, எந்தப் பதம் கூடாது, எந்த நிலையில் உட்கார வைத்து, ஒரு வாய்க்கு எத்தனை மில்லி.

8. வீட்டில்: உட்காரும் விதம், கரண்டி, பதம்

உட்கார்வதில் இருந்து தொடங்குங்கள். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் மடிந்து, பாதம் எதிலாவது ஊன்றியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் இரு பக்கமும் சுருட்டிய துண்டு; காலடியில் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்று, கயிறு போட்டு. தொங்கும் கால்களோடு உடம்பை நிறுத்தவே குழந்தையின் பலம் போய்விடும், மெல்லுவதற்கு மிஞ்சாது. நீங்கள் குழந்தையின் கண் மட்டத்துக்கு எதிரே உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் குழந்தை அண்ணாந்து பார்க்கும். தாடை மேலே போனால் மூச்சுக்குழாய் வாசல் திறந்து நிற்கும், உணவு வழி தவறும்.

நீட்டிய காலில் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்துச் சங்கில் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். வீட்டுப் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். அவர்களையும் ஒருமுறை தெரபிக்குக் கூட்டிப் போய், தெரபிஸ்ட் வாயாலேயே கேட்க வையுங்கள். நீங்கள் சொல்வதைவிட அது எடுபடும்.

பாலாடை நல்ல சாதனம், ஊற்றாத வரை. குழந்தையை நிமிர்த்திச் சாய்த்துப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் மேல் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்து நிறுத்துங்கள். குழந்தை நாக்கை நீட்டி நக்கி எடுக்கும், அல்லது உறிஞ்சும். இரண்டு மூன்று வாய்க்கு ஒருமுறை பாலைப் பின்னுக்கு விட்டு, மூச்சு எடுக்கவிடுங்கள். உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் ஒழுங்கு கருவில் 34 வார அளவில்தான் கூடிவருகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தைக்கு அந்த இடைவெளியை நாம்தான் கொடுக்க வேண்டும்.

கரண்டி சின்னதாக, தட்டையாக இருக்கட்டும். கடித்துப் பிடிக்கும் குழந்தைக்கு எவர்சில்வர் வேண்டாம், சிலிக்கான் வாங்குங்கள். அரைக் கரண்டி உணவை நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்துங்கள், மேலுதடு இறங்கி மூடும் வரை காத்திருங்கள், நேராக வெளியே எடுங்கள். மேல் ஈறில் வழித்துவிட்டால் உதட்டுக்கு வேலையே இருக்காது. கையால் ஊட்டுகிறவர்கள் கட்டைவிரலால் உருண்டையை உள்ளே தள்ளுவது வழக்கம். அது நேராகத் தொண்டைக்குப் போகிறது. மெல்லப் பழகும் குழந்தைக்குக் கடைவாய் ஈறின் மேல் வைத்தால் நாக்கு அதைத் தேடிப் போகும், தாடை மெல்லத் தொடங்கும்.

இனி பதம். உலகெங்கும் இப்போது ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற, உணவும் திரவமும் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் அளவுகோலைப் பின்பற்றுகிறார்கள்: தண்ணீர் 0, சாதாரண உணவு 7. தெரபிஸ்ட் “லெவல் 2” என்றால் வீட்டில் அளக்க ஒரு 10 மில்லி சிரிஞ்ச் போதும். 0 முதல் 10 வரை உள்ள கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எல்லா சிரிஞ்சும் ஒரே நீளம் இல்லை. தண்டை எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மில்லி வரை ஊற்றி, விரலை எடுத்துப் பத்து விநாடி ஓடவிட்டு மறுபடி அடையுங்கள். 1 மில்லிக்குக் கீழ் மிஞ்சினால் லெவல் 0, 1 முதல் 4 வரை மிஞ்சினால் 1, 4 முதல் 8 வரை 2, 8க்கு மேல் மிஞ்சினால் 3. சொட்டுக்கூட ஓடாவிட்டால் 4. அதைக் கரண்டியைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். வடிவம் கலையாமல் நின்று, சாய்த்ததும் ஒரே உருண்டையாக விழுந்து, கரண்டியில் ஒட்டாமல் இருந்தால் சரி.

கேழ்வரகுக் கூழ் என்ற பெயரை நம்ப முடியாது. தண்ணீரின் அளவுக்கேற்ப 1லும் நிற்கும், 4லும் நிற்கும். ஆறினால் இறுகும், ஆகவே ஊட்டும் சூட்டில் அளங்கள். எச்சில் பட்ட கரண்டியைக் கிண்ணத்தில் விட்டுக்கொண்டே ஊட்டினால் பத்து நிமிடத்தில் கூழ் நீர்த்துவிடும். எச்சில் மாவுச்சத்தை உடைக்கிறது. கிண்ணத்தில் இருந்து சிறு தட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ஊட்டுங்கள். தாய்ப்பாலில் மாவு கலந்து கெட்டியாக்க முடியாததும் இதே போன்ற காரணத்தால்தான், மாவை உடைக்கும் நொதி தாய்ப்பாலிலேயே இருக்கிறது. கடையில் விற்கும் கெட்டியாக்கும் பொடியை, முக்கியமாக ஜான்தன் கம் உள்ளதை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் போடவே கூடாது. குறைப்பிரசவக் குழந்தைகளுக்குக் கடுமையான குடல் அழற்சி வந்ததால் அமெரிக்க மருந்துத் துறை 2011இல் எச்சரிக்கை விடுத்த பொருள் இது.

நம் வீடுகளில் மிகச் சாதுவாகத் தெரியும் உணவு ரசம் சாதம். விழுங்கச் சிரமமுள்ள குழந்தைக்கு அதுதான் மிகக் கடினம். வாய்க்குள் போனதும் ரசம் தனியே ஓடித் தொண்டைக்குப் போய்விடும், பருக்கை நாக்கில் நிற்கும். மெல்லுவதா விழுங்குவதா என்று வாய் தீர்மானிப்பதற்குள் திரவம் வழி தவறிவிடும். சாம்பாரில் மிதக்கும் இட்லி, பாலில் நனைத்த பிஸ்கட், நீர் விட்ட தயிர் சாதம் எல்லாம் இதே இனம். அதற்குப் பதில் குழைய வேகவைத்த சாதமும் பருப்பும், சல்லடையில் தேய்த்து, நெய் விட்டு, திரவம் பிரியாத ஒரே பதமாகக் கொடுங்கள். நெய் இல்லாத மசித்த சாதம் அண்ணத்தில் பசை போல ஒட்டும். உருளைக்கிழங்கை மிக்ஸியில் போட்டாலும் அப்படித்தான், கையால் மசியுங்கள். ஒரு டீஸ்பூன் நெய் சுமார் 45 கலோரியும் சேர்க்கிறது, கொஞ்சமே சாப்பிடும் குழந்தைக்கு அது பெரிய உதவி.

வேர்க்கடலை, முழுத் திராட்சை, பொரிகடலை, முறுக்குத் துண்டு, வட்டமாக நறுக்கிய கேரட் ஐந்து வயது வரை எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். அடைத்துக்கொண்டு, இருமவும் முடியாமல் போனால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறத் தலை தாழப் பிடித்து முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்தம். பெரிய குழந்தைக்கு முதுகில் ஐந்து தட்டு, பின்னால் நின்று தொப்புளுக்கு மேல் ஐந்து உள்மேல் அழுத்தம். பொருள் கண்ணுக்குத் தெரியாமல் விரலை விட்டுத் துழாவாதீர்கள். ஊட்டுகிற எல்லோரும் இதைத் தெரபிஸ்ட் முன்னால் ஒருமுறை பொம்மையில் செய்து பாருங்கள்.

சாப்பிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். பல் இல்லாவிட்டாலும் காலையும் இரவும் வாயைத் துடையுங்கள். எச்சிலோடு நுரையீரலுக்குள் போகும் கிருமிதான் நிமோனியாவைக் கொண்டுவருகிறது.

9. விழுங்க முடியும், ஆனால் மறுக்கிறது

ஆட்டிசம் உள்ள குழந்தைகளிலும் நீண்ட காலம் ரைல்ஸ் டியூபில், அதாவது மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ஊட்டல் குழாயில், இருந்தவர்களிடமும் இது அதிகம். தொண்டையில் கோளாறு இராது. மணம், பிசுபிசுப்பு, நிறம் இவற்றில் பயம் இருக்கும். பிடிவாதம் என்று எண்ணி வாயைத் திறந்து திணித்தால், இருக்கிற நான்கு உணவும் இரண்டாகும்.

மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு சிற்றுணவு, நடுவில் தண்ணீர் மட்டும். ஒவ்வொன்றும் 20 முதல் 30 நிமிடம், பிறகு தட்டை எடுத்துவிடுங்கள். தட்டில் எப்போதும் பிடித்தது ஒன்று இருக்கட்டும், பக்கத்தில் புதியது விரல் நுனி அளவு. முதலில் தட்டில் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளட்டும், பிறகு கரண்டியால் தொடட்டும், பிறகு விரலால், மூக்கால், உதட்டால், நாக்கால். பத்துப் பதினைந்து முறை பார்த்த பிறகே பல குழந்தைகள் ஒரு புது உணவை வாயில் வைக்கின்றன. மூன்றாம் நாளே “பிடிக்கலை” என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பிடித்ததில் இருந்து ஒரு படி தள்ளிப் போங்கள்: தோசை பிடிக்குமானால் முதலில் கொஞ்சம் கேரட் துருவிய தோசை, பிறகு அடை. பிடித்த உணவுக்குள் தெரியாமல் மருந்தை ஒளிப்பது மட்டும் கூடாது. கண்டுபிடித்த அன்றே அந்த உணவும் பட்டியலில் இருந்து போய்விடும்.

செல்போன் காட்டி ஊட்டும் பழக்கத்தை ஒரே நாளில் வெட்டினால் எடை குறையும். ஒரு வேளையில் தொடங்கி, முதல் ஐந்து நிமிடம் போன் இல்லாமல் என்று நீட்டிக்கொண்டு போங்கள்.

10. டியூபில் இருக்கும் குழந்தை

ரைல்ஸ் டியூப் நான்கு முதல் ஆறு வாரம் தாண்டும் என்று தெரிந்தால், வயிற்றில் நேராகக் குழாய் வைப்பதைப் பற்றி மருத்துவரே பேச்சை எடுப்பார். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். மூக்கும் தொண்டையும் விடுபடுவதால் வாய்ப்பயிற்சி எளிதாகும். டியூபில் பால் போகும் நேரத்தில் சூப்பானோ, சுத்தமான விரலோ, தெரபிஸ்ட் அனுமதித்த துளிச் சுவையோ வாயில் இருக்கட்டும். வயிறு நிறைவதையும் வாயையும் மூளை சேர்த்துப் பழகும். பசி வரட்டும் என்று டியூப் பாலை நீங்களாகக் குறைக்காதீர்கள். வாரா வாரம் எடை பார்த்து, உணவியலாளர் கணக்குப்படிதான் குறைக்க வேண்டும்.

11. செலவும் காலமும்

டி.இ.ஐ.சி.யில் செலவு பேருந்துக் கட்டணம்தான். மத்திய அரசு நிறுவனங்களில் வருமானச் சான்றிதழ் காட்டினால் கட்டணம் குறையும். சென்னை, கோவை தனியார் மையங்களில் ஒரு அமர்வு சுமார் 500 முதல் 1,500 ரூபாய். வாரம் இரண்டு என்றால் மாதம் 4,000 முதல் 12,000 வரை. கட்டுப்படியாகாவிட்டால் மாதம் இரண்டு அமர்வு தனியாரில், வாரம் ஒன்று அரசில் என்று கலந்துகொள்ளுங்கள். இருவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கும்படி ஒரே நோட்டு வைத்திருந்தால் போதும். எக்ஸ்ரே சோதனைக் கட்டணம் மருத்துவமனைக்கு மருத்துவமனை வெகுவாக மாறும், முன்பே எழுத்தில் கேளுங்கள்.

பால் குடிக்கும் ஒழுங்கு சில வாரங்களில் சரியாகலாம். மெல்லப் பழக மாதங்கள் ஆகும். மூளை முடக்குவாதம் என்றால் ஆண்டுக்கணக்கு, வளரும்போதெல்லாம் உட்காரும் விதத்தை மாற்ற வேண்டிவரும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை எழுதிய இலக்கைப் பாருங்கள்: “நன்றாகச் சாப்பிட வேண்டும்” என்பது இலக்கு அல்ல, “லெவல் 4 உணவு பத்துக் கரண்டி, இருமலின்றி, 20 நிமிடத்தில்” என்பதே இலக்கு. இரண்டு முறை பார்த்தும் அசைவே இல்லையென்றால் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள், அல்லது வேறொருவரிடம் கருத்துக் கேளுங்கள்.

12. அட்டையும் காப்பீடும்

வெறும் விழுங்கல் சிரமத்துக்கு ஊனச் சான்றிதழ் கிடைக்காது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் அது இல்லை. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு போன்ற மூலக் காரணத்துக்கே சான்றிதழ். ஆகவே யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது ஊட்டல் அறிக்கையை மட்டும் இணைத்துத் திரும்பி வராதீர்கள். நரம்பியல் மருத்துவரின் அறிக்கை வேண்டும். சிறு குழந்தைக்குத் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள், காலாவதித் தேதியைக் குறித்து வையுங்கள்.

சான்றிதழ் கிடைத்ததும் மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா காப்பீட்டில் சேருங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் இந்த நான்குக்கு மட்டும். மருத்துவப் பரிசோதனை கேட்காமல் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிக்கும் ஒரு பகுதி உண்டு. பெரும்பாலான தனியார் காப்பீடுகள் வெளிநோயாளியாகச் செய்யும் தெரபிக்குப் பணம் தருவதில்லை, அதனால் இதற்கு மதிப்பு அதிகம். ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. மார்ச்சில் புதுப்பிக்க மறந்தால் போயிற்று. ஒவ்வொரு பில்லிலும் தெரபிஸ்ட்டின் ஆர்.சி.ஐ. எண், முத்திரை, தேதி, குழந்தையின் முழுப்பெயர் சான்றிதழில் உள்ளபடி இருக்க வேண்டும். “பேபி ஆஃப்” என்று அம்மா பெயரில் எழுதிய பில் திரும்பி வரும். அன்றைக்கே கவுன்ட்டரில் திருத்தி வாங்குங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு குழந்தையின் ஊனம் சான்றிதழில் 40 சதவீதம் இருந்தால் 75,000 ரூபாயும், 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் வருமானத்தில் கழிவு உண்டு.

எல்லாவற்றையும் ஒரே கோப்பில், தேதி வரிசையில், ஜெராக்ஸ் இரண்டு செட்டோடு வையுங்கள். மூல அறிக்கையை எந்தக் கவுன்ட்டரிலும் விட்டுவிட்டு வர வேண்டாம். நள்ளிரவில் நிமோனியாவோடு வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால், கோப்பின் முதல் பக்கத்தில் “இந்தக் குழந்தைக்கு லெவல் 3ஐவிட நீர்த்த திரவம் வாய்வழி தரக் கூடாது” என்பது போலத் தெரபிஸ்ட் கையெழுத்திட்ட ஒரு வரி இருக்கட்டும். டியூட்டி டாக்டரும் நர்ஸும் முதலில் படிப்பது அதுவாக இருக்க வேண்டும்.